கோலாட்டக் கயிற்றடியில் அண்ணன் நின்ற இடம்

லால்குடிக்கு அருகே எங்கள் ஊரில் பிறந்து, கடைசி நாட்கள் தவிர அந்த ஊரை விட்டு நகராதவர் என் அண்ணன். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பை விட்டு ஏர் பிடித்தவர். நானும் ஐந்தாம் வகுப்போடு சரி. திருச்சிக்கு என்னை பஸ் ஏற்றிவிட்டவர் அவர். மற்றதெல்லாம் என் உழைப்பு. இன்று தில்லை நகரில் எனக்கு மூன்று பெயிண்ட் கடைகள்.

பொங்கல் கழிந்து ஊரில் நடக்கும் கலைவிழாவுக்கு மேடை கட்டிக் கொடுத்தவன் நான். மைக் செட்டும் என்னுடையதே. ஆனாலும் அங்கே எனக்குப் பெயர் 'பெரியவரு தம்பி'. நான் பேசினால் கூட்டம் சுண்டல் வாங்கப் போகும். பின்னல் கோலாட்டத்துக்கு அண்ணன் வந்து நின்றால் ஊரே அடங்கிவிடும். மேலிருந்து தொங்கும் எட்டுக் கயிறுகளை எட்டுப் பெண் பிள்ளைகள் ஆடியபடியே பின்னி, எதிர்ச்சுற்று ஆடிப் பிரிப்பார்கள். எப்போது திரும்ப வேண்டும் என்று குரல் கொடுப்பதுதான் அண்ணன் வேலை. இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு வயிறு எரியும். மறைக்க மாட்டேன்.

ஒரு வருடம், "இந்தத் தடவை நான் நிக்கிறேன்" என்றேன்.

"தாராளமா நில்லுடா" என்று விலகிக்கொண்டார்.

அவசரப்பட்டு முன்னாலேயே 'திரும்பு' என்றேன். பாதிப் பேர் திரும்ப, பாதிப் பேர் நேரே போக, கயிறு சிக்கிக்கொண்டது. அண்ணன் மைக்கை வாங்கினார். "என் தம்பி பிஸியான ஆளு. முடிச்சப் போட்டுட்டுக் கிளம்பிடுவாரு. அவுக்கிறது நம்ம வேலை."

ஊரே சிரித்தது. அவர் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி நகர்த்திச் சிக்கலை எடுத்துவிட்டார். அதன்பின் இரண்டு வருடம் நான் விழாவுக்குப் போகவில்லை.

கடைசியில் அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், "கயித்த எலி கடிக்காம எடுத்து வைக்கச் சொல்லுடா" என்றார். என் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கயிற்றின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

அவர் இல்லாத இந்த வருட விழாவில் அண்ணன் மகள், "சித்தப்பா, நீங்க நில்லுங்க" என்றாள். இத்தனை வருடம் நான் ஆசைப்பட்ட இடம். சரியாகத்தான் குரல் கொடுத்தேன். ஆனாலும் பிரிக்கும்போது கயிறு சிக்கியது. எட்டுப் பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"பெரிய தாத்தா பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, தாத்தா" என்றாள் ஒருத்தி.

எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. மைக்கை வைத்துவிட்டு ஒவ்வொருத்தியிடமும் போய்க் கேட்டேன். கயிறு பிரிய வெகுநேரம் ஆனது. கூட்டத்தில் யாரும் சுண்டல் வாங்கப் போகவில்லை.

அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸ் பெண்களுக்கும், இன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் முதலாண்டுத் திதிக்கு வந்து நிற்கும் சொந்தபந்தங்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். இன்னும் எட்டுப் பேருக்கும் நன்றி: தர்ஷினி, காவ்யா, மகாலட்சுமி, ஜனனி, பவித்ரா, கனிமொழி, சுபஸ்ரீ, தேன்மொழி.

பெயர்கள் எதையும் பார்த்து எழுதவில்லை.