கெட்டிலில் தெரிந்த கைலி

மஸ்ஜித் தானா டவுனில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய், இணையத்தில் விற்பதற்காக ஒரு மின்சாரக் கெட்டிலைப் படமெடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். படமெடுக்கும் தொழிலில் அதுதான் என் முதல் வேலை. புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டுச் சமையலறையோ ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. அது படத்தில் தெரியவே கூடாது என்று மார்பிள் போன்ற ஒட்டுத்தாளை வாங்கி வந்தேன். மேசையிலும் சுவரிலும் சுருக்கம் விழாமல் ஒட்டவே அரை நாள் ஆனது. படத்தைப் பெருமையோடு அனுப்பினேன்.

மறுநாள் பாய் அழைத்தார்.

"தங்கச்சி, கெட்டில்ல ஒருத்தர் கைலியோட சட்டி கழுவுறாரே, யாரு அது?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பளபளக்கும் எவர்சில்வரில் என் முதுகுக்குப் பின்னால் இருந்த மொத்தச் சமையலறையும் தெரிந்தது. நடுவில் என் கணவர். வீட்டு வேலையே தெரியாது என்று கூட்டாளிகளிடம் சொல்லித் திரிபவர்.

"மன்னிச்சிருங்க பாய், அது என் வீட்டுக்காரர். வேற எடுத்துத் தரேன்."

"வேணாம்லா. கடையில படத்தப் பார்த்த பொம்பளைங்கல்லாம் கெட்டிலக் கேக்குறாங்க. உங்க வீட்டுக்காரர் சம்மதிச்சா போதும்."

அவரிடம் பயந்துகொண்டே காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"முன்னமே சொல்லியிருந்தா நல்ல கைலியா கட்டியிருப்பேன்ல," என்றார்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் அரை நாள் பாடுபட்டு மறைத்த அந்தச் சமையலறையில் தினமும் ஒருவர் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். நான்தான் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.