ஆட்டோவில் போயிருக்க வேண்டிய குளம்

மூன்று வருஷமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டே இருந்தேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்து, பலசரக்குக் கடை வைத்திருப்பவன். எழுதினால் அண்ணன் மனம் நோகும், சபையில் பேச்சு வரும். எழுதாமல் முழங்காலில் நின்றாலோ வாயில் ஜெபம் வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கிவிட்டது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: ஒரு கண் போனது போனதுதான், மற்றதற்கு ஊசி போடுவோம், ஆனால் எத்தனை நாள் பார்வை நிற்கும் என்று சொல்ல முடியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழவில்லை. "இஞ்ச பாருங்க, அந்தக் குளத்துப் பறவையள ஒருதரம் எறங்கி நின்னு பாக்கணும்" என்றாள்.

சுசீந்திரம் பக்கத்துக் குளத்தைத்தான் சொன்னாள். அவளுடைய அம்மா வீடு அதற்கும் தெற்கே. கல்யாணமான நாள்முதல் இருபத்தெட்டு வருஷம் அந்தக் குளத்தைப் பஸ்ஸிலேயே கடந்திருக்கிறோம். குளம் வந்ததும் ஆட்களுக்கு நடுவே எட்டிப் பார்ப்பாள். கூழைக்கடா, நாரை என்று சொல்லி முடிப்பதற்குள் பஸ் தாண்டிவிடும். ஒருநாளும் இறங்கியதில்லை. இறங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

அது டிசம்பர் ஆரம்பம். மழை பெய்து குளம் நிறைந்து, பறவைகள் வந்திறங்கும் சமயம். எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் முக்கால் மணி நேரம். மறுநாள் காலையிலேயே போயிருக்கலாம். நான் என்ன செய்தேன்? அண்ணனுக்குப் போன் போட்டேன். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். மூத்தவரிடம் கேளாமல் யாரும் கிளம்புவதில்லை. கிளம்பினால் எல்லாரும் சேர்ந்து வேனில்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து அண்ணன் வீட்டில் கூடினோம்.

"புருஷனும் பெண்டாட்டியுமா கொக்கு பாக்கப் போறியளாக்கும்? லேய், இந்த வயசுல ஊரு சிரிக்கும்டே" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"வேன் சொல்லுவோம். அப்படியே பத்மநாபபுரம் அரண்மனையும் பாத்திரலாம்."

"அரண்மனை நேர் எதிர்ப்பக்கமில்லா கெடக்கு" என்றாள் மதினி.

"வேன்தானே, போவட்டு" என்றார் அண்ணன்.

"அத்தான், எனக்கு ஒரு மணி நேரம் குளக்கரையில நின்னாப் போரும்" என்றாள் என் மனைவி அண்ணனிடம்.

"நீ சும்மா இரி மக்கா. ஒனக்காவத்தானே இவ்வளவும்."

அவளுக்காகத்தான் கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றார்கள். அவளுக்காகத்தான் துபாயிலிருந்து அண்ணன் மகன் லீவில் வரட்டும் என்றார்கள். பிறகு சபையில் அசனம் வந்தது. ஊருக்கே சமைத்துப் போடும் அந்த விருந்துக்கு அண்ணன்தான் பொறுப்பு. வடசேரிச் சந்தைக்கும் சபைக் கோயிலுக்குமாக அலைந்தார். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கி, பிரியாணியா புளியோதரையா என்று நாள்கணக்கில் பேசினார்கள். பறவை என்ற சொல் அதில் ஒருதரம்கூட வரவில்லை.

இவள் தினமும் காலையில் ஜன்னலருகே நின்று எதிர்வீட்டுத் தென்னையின் ஓலைகளை எண்ணுவாள். பார்வையை அப்படித்தான் சோதித்துக்கொண்டாள். "இன்னைக்கும் தெரியுது. இன்னைக்குப் போவமா?" என்பாள். "சனிக்கிழமை ஆகட்டு" என்பேன். பிப்ரவரியில் ஒருநாள் எண்ணாமல் நின்றாள். "ஒரே பொகையா கெடக்கு. யாரும் சருவு கொளுத்துதாவளா?" என்றாள். யாரும் கொளுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உள்ளே ரத்தம் கசிந்துவிட்டது, இனி வெளிச்சம் மட்டும் தெரியும் என்றார்கள்.

அதற்கும் மூன்று வாரம் கழித்து வேன் புறப்பட்டது. சொன்னது சொன்னபடி போய்விட வேண்டும் என்றார் அண்ணன். பதினாலு பேர். குளத்தில் தண்ணீர் வற்றியிருந்தது. எங்கோ தூரத்தில் கொஞ்சம் பறவைகள். அண்ணன் அவள் கையைப் பிடித்துக் கரைக்கு நடத்திப் போனார்.

"அந்தா, கூட்டமா நிக்கி மக்கா. வெள்ள வெளேர்னு. நான் சொல்லுதேன், நீ மனசால பாரு."

"பொய் சொல்லாதீய அத்தான். ஒரு சத்தமும் இல்லியே" என்றாள் அவள். "நான் வீட்டுக்குப் போறேன். நீங்க அரண்மனைக்குப் போங்க, நேரமாவுது."

போகவும் செய்தார்கள். நான் ரோட்டில் நின்று கையைக் காட்டினேன். ஒரு ஆட்டோ வந்து நின்றது. இவ்வளவுதான் வேலை. இதைத்தான் நான் டிசம்பரில் செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் அண்ணன் எழுந்து, "மாம்சக் கண் மங்கினாலும் என் தம்பி மனைவிக்குக் கர்த்தர் அந்தப் பறவைகளைக் காட்டினார், எல்லாம் அவர் சித்தம்" என்றார். சபை அல்லேலூயா சொன்னது. அதை யாரோ போனில் எழுதி அனுப்ப, கைமாறிக் கைமாறி, குளக்கரையில் ஒரு பெண் பார்வை பெற்றாள் என்று போன மாதம் எனக்கே வந்து சேர்ந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எனக்குத் தெரியாம எனக்குப் பார்வ வந்துட்டா?" என்றாள்.

என் கர்த்தர் ஒன்றையும் தடுக்கவில்லை. மழையைத் தந்தார், குளத்தை நிறைத்தார், பறவைகளைக் கொண்டுவந்தார், இரண்டு மாதத்துக்கு மேல் அவளுக்குப் பார்வையையும் விட்டுவைத்தார். தடுத்தது நாங்கள். முதலில் நான். எங்கள் வேனையும் பிரியாணியையும் அவர் சித்தம் என்று சொல்ல எங்களுக்கு நாக்குக் கூசவில்லை.

இதை வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குக் கொடுங்கள். ஆனால் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். அவள் பார்த்தாள் என்று எழுதிச் சேர்க்காதீர்கள்; அவள் பார்க்கவில்லை. நான் அண்ணனை மன்னித்துவிட்டேன் என்றும் சேர்க்காதீர்கள். அது இன்னும் நடக்கவில்லை.