மேய்ச்சல்: பூஜ்யம்

மாரித்தாய்க்கு ஓய்வு வயது வந்துவிட்டதென்று தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குத்தான் முதலில் நினைவு வந்தது. சம்பள உயர்வை ஆண்டுக்கணக்கில் மறந்திருக்கத் தெரிந்த ஆபீஸ் அது. வயதை மட்டும் மறக்காது.

சூப்பர்வைசர் ஆசீர்வாதம் லயத்து வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். "மாரித்தாயக்கா, இந்த மாசத்தோட ஒங்க ஜோலி முடியுது. அடுத்தாப்ல யாரு பேரு பதியப் போறீக?"

மூணாறிலிருந்து வட்டவடைக்கு ஜீப் போகும் பாதைக்குக் கீழே, சரிவில் இருக்கிறது அந்த லயம். ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். அவற்றில் குடியிருக்க ஒரே தகுதி, வீட்டில் ஒருவர் பெயராவது தோட்டத்து வேலைப் பதிவில் இருப்பது. தாய் ஓய்வு பெற்றால் பிள்ளை பெயர் பதிய வேண்டும். பதியாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த மலையில் ஒரு சாண் மண் சொந்தமில்லை. அடிமை முறை ஒழிந்துவிட்டதென்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். சங்கிலியை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உள்ளே அவள் புருஷன் பெரியமுத்து இருமினார். தேயிலைத் தூள் சலிக்கும் அறையில் வேலை பார்த்த காலமெல்லாம் உள்ளே போன தூசி, அவருடைய நுரையீரலைப் பதிவு செய்து குடியேறிவிட்டது. அதைக் காலி செய்யச் சொல்ல எந்த ஆபீசும் இல்லை.

"எனக்கு இருக்கது ஒத்தப் பொட்டப்புள்ள. அவ கடல்ல ஆராய்ச்சி பண்ணுறா. அவ எப்பிடிண்ணே கொழுந்து எடுக்க வருவா?" என்றாள் மாரித்தாய்.

"கடல்ல லயம் கட்டிக் குடுத்திருந்தா அங்கயே இருக்கச் சொல்லுங்க" என்றார் ஆசீர்வாதம். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய மகன் பெயரும் பதிவில்தான் இருக்கிறது.

மகளின் பெயர் செல்வப்பிரியா. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்தாள். மேலே கொச்சியில் படித்து, அங்கேயே ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் தற்காலிகத் திட்ட உதவியாளராக இருந்தாள். தற்காலிகம் என்ற சொல்லைப் பலரும் கவனிப்பதில்லை. படித்த பிள்ளைகளை வருடத்துக்கு ஒருமுறை பயமுறுத்தி வைத்துக்கொள்ள நாடு கண்டுபிடித்த சொல் அது.

விஷயம் தெரிந்ததும் அவள் ஒரு நாள் லீவில் வந்தாள்.

"எம்மா, அடுத்த வாரம் கப்பல் போகுது. நான் அளக்கப் போறதுதான் இந்தத் திட்டத்துக்கே முக்கியம். ரிசல்ட் நல்லா வந்தா மூணு வருசம் நீட்டிப்பாங்க. போடியில வீடு பிடிச்சிரலாம். அப்பா நெஞ்சுக்கும் அந்த வெயில் நல்லது."

"என்னத்த புள்ள அளக்கப் போற, அம்புட்டு முக்கியமா?"

"மேய்ச்சல."

"கடல்ல ஆடா மேயுது?"

"ஆட்டை விடச் சின்னது. கண்ணுக்கே தெரியாது. கடல்ல பாசி இருக்குல்ல, அதுவும் நம்ம தேயிலை மாதிரிதான், காத்துல இருக்க கரியை எடுத்துத்தான் வளருது. அந்தப் பாசிய இந்தக் குட்டிப் பூச்சியெல்லாம் தின்னுது. தின்னதுல முக்கால்வாசிய மூச்சா வெளிய விட்டுருது, கரி திரும்பக் காத்துக்கே போயிரும். மிச்சம் புழுக்கையா அடிக்கடலுக்குப் போகுது. அது வெளிய வர நூறு, ஆயிரம் வருசம் ஆகும். எவ்வளவு தின்னுதுன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு கரி கீழ போகுதுன்னு சொல்ல முடியும்."

"பூச்சி எவ்வளவு தின்னுச்சுன்னு பூச்சிகிட்டயா கேப்ப?"

செல்வப்பிரியா சிரித்தாள். "கஞ்சியில தண்ணிய ஊத்தி ஊத்திப் பெருக்குனா பருக்கை கையில சிக்குமா? அதே மாதிரிதான். கடல்தண்ணிய, வடிகட்டின கடல்தண்ணி ஊத்தி நீர்க்க வைப்போம். ஒரு பாட்டில்ல கொஞ்சம் ஊத்துவோம், இன்னொண்ணுல நிறைய. நீர்க்க இருக்க பாட்டில்ல பூச்சிக்குப் பாசி சிக்காது, பாசி தழைச்சு வளரும். கெட்டியா இருக்கதுல தின்னு தீத்துரும். ஒரு நாள் வச்சிருந்து, ரெண்டுக்கும் வளர்ச்சியில எவ்வளவு வித்தியாசம்னு பாத்தா மேய்ச்சல் தெரிஞ்சுரும்."

"நம்ம ஊட்டுக் கஞ்சியப் பாத்துப் படிச்சுட்டுப் போயிருக்கா" என்றார் பெரியமுத்து, இருமலுக்கு நடுவே. அந்த வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

மாரித்தாய் ஆசீர்வாதத்தின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, கப்பல் திரும்பும்வரை தவணை வாங்கினாள்.

இந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது ஒரு நிறுவனம். கடலில் இரும்புத் தூள் தூவினால் பாசி பெருகும். பெருகிய பாசி காற்றிலுள்ள கரியை விழுங்கி அடிக்கடலில் புதைக்கும். அப்படிப் புதைந்த கரிக்குச் சீட்டு எழுதிப் புகை விடும் ஆலைகளுக்கு விற்கலாம். இதுதான் அவர்கள் வியாபாரம். சீட்டை வாங்கியவன் நிம்மதியாகப் புகை விடுவான். இந்தக் கணக்கில் ஒரே ஒரு தொல்லை உண்டு: மேயும் உயிர்கள். பாசியை அவை தின்றுவிட்டால் கரியில் பெரும்பங்கு மறுபடி மேலே வந்துவிடும், சீட்டின் மதிப்பு இறங்கிவிடும். ஆகவே மேய்ச்சல் குறைவு என்று ஓர் ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டியிருந்தது. உண்மையில் எவ்வளவு என்று செல்வப்பிரியா அறிய விரும்பினாள். இரண்டும் ஒரே கப்பலில் புறப்பட்டன.

புறப்படும் அன்று கப்பல் முனையில் தேங்காய் உடைத்தார்கள். வலைக்கும் பம்புக்கும் பொட்டு வைத்தார்கள். திட்டத் தலைவர் டாக்டர் ஜோஜோ கூடக் கைகூப்பி நின்றார். பாட்டில்களை நிரப்பும் சிலிகான் குழாய் பழசாகிவிட்டது, மாற்றுக்குழாய் வேண்டுமென்று செல்வப்பிரியா மறுபடி மறுபடி கேட்டிருந்தாள். அது வரவில்லை. தேங்காயும் கற்பூரமும் கேட்காமலே வந்திருந்தன. அறிவியல் கப்பலில் சாமிக்கு உதிரிபாகம் உண்டு, அறிவியலுக்குக் கிடையாது.

கரை மறைந்த பிறகு நல்லபடியாகத்தான் போயிற்று. பாசி அடர்ந்து கடல் பச்சையாகத் தெரிந்த இடத்துக்குக் கப்பல் வந்து சேர்வதற்கு முந்தின நாள், குழாய் நடுவில் வெடித்தது. கப்பலில் வேறு சிலிகான் குழாய் இல்லை. அந்தப் பச்சைக் கடலை அளக்கத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

செல்வப்பிரியா தன் பையை எடுத்துவந்தாள். அதன் வாயை அம்மாவின் சைக்கிள் டியூப் வாரால் கட்டியிருந்தாள். கொழுந்து எடுக்கும் பெண்கள் மழைக்கு இடுப்பைச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் தாளை அந்த வாரால்தான் இறுக்குவார்கள். லயத்தில் ஓடைத் தண்ணீர் வரும் ஹோஸ் பிய்ந்தால் அதைச் சுற்றுவதும் இதே வார்தான். குழாயா, வாளியா, செருப்பா, எது பிய்ந்தாலும் சைக்கிள் டியூப். கடைக்குப் போக வழியில்லாத மலையில் பிறந்த கைக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. வாரைப் பாதியாக வெட்டி, வெடித்த இடத்தில் உள்ளே ஒரு துண்டைக் கொடுத்து, மேலே இறுகச் சுற்றினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"ரிப்பேரு வேலையெல்லாம் தெரியுது புள்ள உனக்கு" என்றாள் முஹ்சினா. சித்தூர்க் கல்லூரியிலிருந்து கூடவே வந்த தோழி. பாலக்காட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் மொய்தீன் ராவுத்தரின் மகள். இந்தக் கூடத்தில் கணக்குகளைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை.

வடிகட்டின தண்ணீர்த் தொட்டியில் குழாய் ராத்திரி முழுக்கக் கிடந்தது. மறுநாள் அதே தண்ணீரால் நீர்க்கவைத்து, அதே குழாயால் எல்லாப் பாட்டில்களையும் நிரப்பி, மேல்தளத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். ஒரு நாள் கழித்து அளந்தபோது எல்லாப் பாட்டிலிலும் பாசி ஒரே அளவில் வளர்ந்திருந்தது. நீர்த்ததிலும் கெட்டியானதிலும் வித்தியாசமே இல்லை.

மேய்ச்சல்: பூஜ்யம்.

டாக்டர் ஜோஜோ அவள் தோளைத் தட்டினார். "மோளே, இதுதான் நமக்கு வேண்டியது."

செல்வப்பிரியாவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. பச்சையாக நுரைத்துக் கிடக்கும் கடலில் ஒரு வாய்கூடத் தின்ன ஆளில்லையா? பாட்டிலில் இருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்நோக்கியில் வைத்தாள். ஒன்றும் அசையவில்லை. கடலில் இருந்து புதிதாக மொண்ட ஒரு சொட்டை வைத்தாள். அதில் சின்னஞ்சிறு உயிர்கள் சுழன்றும் துள்ளியும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த மொண்ட தண்ணீரில் மிச்சமிருந்த டியூப் வாரில் ஒரு துண்டை வெட்டிப் போட்டாள். சாயங்காலம் பார்த்தபோது ஓட்டம் நின்றிருந்தது.

ரப்பரில் கலந்திருக்கும் ரசாயனம். பாசியை அது ஒன்றும் செய்யவில்லை. பாசியைத் தின்பவற்றைக் கொன்றுவிட்டது.

அவள் அன்றே போய்ச் சொன்னாள். ரப்பர் துண்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"ஸார், இந்த பூஜ்யம் கடலோடது இல்ல, என்னோடது. நான்தான் கொன்னுட்டேன். இன்னும் ஒரு நாள் இங்கயே நின்னா திரும்பச் செய்யலாம். குழாயே வேண்டாம், கையாலேயே ஊத்துறேன்."

கப்பல் நிற்க அனுமதியில்லை என்றார் அவர். மலையாளத்தில்தான் பேசினார், மெதுவாக, கோபமே இல்லாமல். அளந்தது அளந்ததுதான். பூஜ்யமும் ஓர் எண். நீ கையெழுத்துப் போட்டுக் கொடு, அடுத்த மூன்று வருடத்தைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன்.

கரையில் இருந்து சிக்னல் கிடைத்ததும் அவள் அம்மாவிடம் சொன்னாள்.

"ஒரு கையெழுத்துதானே புள்ள?" என்றாள் மாரித்தாய்.

"பொய்க் கையெழுத்துமா."

"தெனமும் எல நிறுக்கையில, ஈரம்னு சொல்லிக் கழிக்காக. அதுல நான் கைநாட்டு வச்சிட்டுத்தான் வாரேன். தராசு அவுக கையில இருக்கும்போது எல எம்புட்டு இருந்தா என்ன?" பிறகு குரல் தணிந்தது. "அப்பாவ எங்கிட்டு வச்சுப் பாப்ப? அத மட்டும் சொல்லு. மத்தத நான் கேக்கல."

தன் தவறு உயிர்களைக் கொன்றது போதும், அதற்கு மேல் அதை ஊர் உலகத்துக்கு விற்கவும் கூடாது என்பது ஒன்றுதான் செல்வப்பிரியாவுக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போடவில்லை. இதில் வீரம் ஒன்றும் இல்லை. இரண்டு வழியிலும் வீடு போகிறவளுக்கு வாய்க்கிற சொற்பச் சுதந்திரம் அது. மூன்று வருடம் என்று அவர் சொன்னதை அவள் நம்பவும் இல்லை.

அவள் நினைத்ததற்கு மேல் நடந்தது. கவனக்குறைவால் ஆய்வுக்குக் கேடு விளைவித்தார் என்று சொல்லி அவள் பணியை நீட்டிக்கவில்லை. அவளே ஒப்புக்கொண்டதுதானே, ஆதாரம் தேட வேண்டியதில்லை.

மாதம் முடிந்த அன்று முஹ்சினா போன் செய்தாள்.

"ஏ பிரியா, அறிக்கை போயிருச்சு. உன்ற பேரு அதுல இல்ல."

"பூஜ்யம்?"

"அது இருக்குது. மொதப் பக்கத்துலயே இருக்குது."

"கெட்டுப்போன அளவுன்னுதானே என்னை வெளிய அனுப்புனாங்க?"

"உனக்கு அது கெட்டது. அவங்களுக்கு நல்லது" என்றாள் முஹ்சினா. "நான் கேட்டுப் பாத்தேன் புள்ள. 'ஸார், இது சரிங்களா'ன்னு கேட்டேன். 'முஹ்சினா, உன்னோட காண்ட்ராக்ட் எப்ப முடியுது'ன்னு திருப்பிக் கேட்டாரு. அத்தாவுக்குக் கடையில யாவாரமே இல்ல. நான் சும்மா இருந்துட்டேன்."

"சரி, விடு" என்றாள் செல்வப்பிரியா.

ஒரே அளவு. அவளை விரட்டும்போது அது பிழை. நிறுவனத்துக்கு விற்கும்போது அது உண்மை. மதவாதிகளைத்தான் இப்படி ஒரே வாயால் இரண்டு பேசுகிறவர்கள் என்று ஏசுவது வழக்கம். வெள்ளைக் கோட்டுக்கும் அந்த வாய் உண்டு. கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அறிவியல் என்றால், கேள்வி கேட்டவளை வெளியே அனுப்பிய கட்டடத்தின் வாசலில் எழுதியிருக்கும் பெயருக்கு என்ன பொருள்?

அடுத்த மாதத்து முதல் நாள் காலை, தோட்டத்து ஆபீசில் செல்வப்பிரியாவின் பெயர் பதிவாயிற்று. எழுதிய குமாஸ்தா, "எம்.எஸ்ஸியா? இங்க அதை எழுதக் கட்டம் இல்லயே" என்று சிரித்தான். வீட்டுச் சாவி மாரித்தாயின் முந்தானையிலேயே தங்கியது. பெரியமுத்து அன்று முழுதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மகள் கூப்பிட்டபோதும் திரும்பவில்லை.

வெளியே மழை. மாரித்தாய் தன் பிளாஸ்டிக் தாளை மகளின் இடுப்பில் சுற்றினாள். இறுக்குவதற்காக, மகளின் பையோடு திரும்பி வந்திருந்த தன் டியூப் வாரை எடுத்தாள். பாதிகூட இல்லை. இழுத்துப் பார்த்தாள், இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடவில்லை.

"மிச்சம் எங்க புள்ள?"

"கடல்ல போயிருச்சுமா."

மாரித்தாய் கொடியில் தொங்கிய துணிக்கயிற்றை அவிழ்த்து, மகளின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"ரெண்டு எலையும் கொழுந்துமாக் கிள்ளு. முத்துனத எடுக்காத, நிறுக்கையில கழிச்சுருவாக" என்றாள்.

மேலே பாதையில் ஆசீர்வாதம் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். செல்வப்பிரியா கூடையை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். அவள் பெயரைக் கூப்பிட்டபோது குரல் கொடுத்தாள்.