முத்துசாமி அண்ணனும் நீள வயரும்

முத்துசாமி அண்ணன் தவறிவிட்டார் என்று சாய லேபிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, நான் ஒரு கலர் விஷயமாக, எங்களிடம் துணி வாங்கும் பையரின் ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "இருங்க, எங்க அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்" என்று அப்போதுதான் அவரிடம் சொல்லி வாய் மூடியிருந்தேன். காலையில் நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கையிலிருந்த துணித்துண்டை மேசையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். இனி யாரைக் கேட்பது?

முதலிபாளையத்தில் எங்கள் கம்பெனியில் அவர் சாய லேபுக்குப் பொறுப்பாளர், நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். பையர் கேட்ட கலரும் நாங்கள் சாயமேற்றிய கலரும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஒருமுறை லாரி வாசலில் நிற்கிறது, முதலாளியே லேபுக்குள் வந்து நிற்கிறார், துணி பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அண்ணன் கலர் ஒப்பிடும் விளக்குப் பெட்டிக்குள், பையர் தந்த மாதிரியோடு வைத்துத் துணியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "கண்ணுக்குப் புடிக்கறது வேறங்க, சேர்றது வேறங்க. இது சேரலீங்க" என்றார். லாரி காலியாகத் திரும்பிப் போனது. இந்த மனிதரை அசைக்க ஆண்டவனாலும் ஆகாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அந்தத் துணியை மறுபடி சாயமேற்றி அனுப்பிய பிறகு, பையரிடமிருந்து ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை.

அவருடைய இன்னொரு பிடிவாதம் இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும், பலர் மாட்டியும் இருக்கிறீர்கள். பாட்டுப் பெட்டிக்குக் கரண்டு கொண்டுபோகும் வயர் நீளமில்லாமல் கட்டையாக இருக்க வேண்டும். "வயரு நீண்டா பாட்டு இளைச்சுப் போயிருமுங்க" என்பார். யார் வீட்டுக்குப் போனாலும் காபி குடிக்கும் முன் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். வயர் நீளமாக இருந்தால் அந்த வீட்டுக்காரர் தொலைந்தார், அதை வெட்டும்வரை விடமாட்டார். அனுப்பர்பாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், இவர் நச்சரிப்புத் தாங்காமல் கூடத்தையே மாற்றிப்போட்டுப் பெட்டியைப் பிளக் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"ஏனுங்ண்ணா, கரண்டு எங்கெங்கேயோ மலையெல்லாம் தாண்டி வருது. கடைசி முழத்துல வந்து என்னங்க கெட்டுப்போகும்?" என்று கேட்டேன்.

"ஊரெல்லாம் சுத்தீட்டு வந்தாலும் ஊட்டு வாசல்லதான அம்மிணி செருப்பைக் கழட்டறோம்?" என்றார். அவர் சொன்னதில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அது வேடிக்கையாக இருந்ததெல்லாம் ஈஸ்வரி அக்கா விழும்வரைதான். அண்ணனின் மனைவி. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, பின்னறைக் கட்டிலோடு படுத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலமானால் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது வழக்கம். இப்போது அண்ணன் கூடத்தில் கேட்பார், அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பார். பின்னறையில் ஒரே ஒரு பிளக், அதுவும் கதவுக்குப் பின்னால். பெட்டியை அங்கே வைத்தால் கதவு திறக்காது. எதிர்ச் சுவரில் வைக்கலாம். அதற்கு நீள வயர் வேண்டும். அதற்கு அண்ணன் ஒப்பவில்லை. நோயாளிக்குக் கெட்ட சத்தத்தையா கொடுப்பது என்பது அவர் வாதம். அதற்குப் பதிலாக அக்காவுக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தார்.

நான் பார்க்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டப்பாக்குள்ள போட்டு மூடுனாப்பல பாடுது கண்ணு. அதுகூடப் பரவால்ல. இந்த நாலு சொவத்தைப் பார்த்துட்டுத் தனியாக் கேக்க முடியல. நீயாச்சும் சொல்லு." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே கூடத்துக்கு வந்தேன்.

லேபில் புதிதாகச் சேர்பவர்களின் கண்ணைச் சோதிக்க அண்ணன் ஒரு வேலை செய்வார். ஒரே துணியை மூன்றாக வெட்டி ஏ, பி, சி என்று பெயர் போட்டு, எது சேருகிறது என்று கேட்பார். மூன்றும் ஒன்றுதான் என்று சொல்லும் துணிச்சல் உள்ளவரைத்தான் வைத்துக்கொள்வார். "அதே மாதிரி வயருக்கும் வெச்சுப் பார்த்தரலாமுங்களா?" என்று கேட்டேன். தன் சொந்த முறையை எப்படி மறுப்பார்? சரி என்றார்.

பக்கத்துக் கடையில் ஒரு நீள வயர் வாங்கி வந்து, எந்த வயர் என்று தெரியாதபடி பெட்டியின் பின்பக்கத்தைப் போர்வையால் மறைத்தேன். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிச் செருகி, அதே பாட்டைப் போட்டேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். ஏ பரவாயில்லை. பி தட்டையாக இருக்கிறது, சந்தேகமில்லாமல் நீள வயர். சி கேட்டதும் முகம் மலர்ந்தது. "இதானுங்க கட்டை வயரு. பாருங்க, பாட்டு எப்படி எந்திரிச்சு நிக்குது!"

போர்வையை எடுத்தேன். மூன்று முறையும் நீள வயரைத்தான் செருகியிருந்தேன். கட்டை வயர் என் கைப்பையில் இருந்தது.

யாரிடமும் தோற்று அறியாத மனிதர். எழுந்து போய்ப் பின்னால் பார்த்தார், வயரைக் கையால் நீவிப் பார்த்தார். "என்ர சோதனையவே எனக்கு வெச்சுட்டீங்களா அம்மிணி" என்றார். வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒரு பக்கம் புடிங்க" என்றார். பெட்டியைப் பின்னறைக்குத் தூக்கினோம்.

மறுநாளே அவர் செய்ததுதான் என்னை அசத்தியது. வயர் வெட்டச் சொன்ன ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். "நான் சொன்னது தப்புங்க. எத்தன நீளம் வேணுமோ வெச்சுக்குங்க." உங்களில் பலருக்கும் அந்த போன் வந்திருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவே ஊரில் ஆளில்லை. இவர் தெரியும் என்று அடித்துச் சொன்னதையே தப்பென்று வீடு வீடாகச் சொன்னார். அதன் பிறகு எப்போது போனாலும் அண்ணன் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "இந்த ரூம்ல சவுண்டு பிரமாதமுங்க, கூடத்தைவிட மேல்" என்பார். என் சோதனையால் வந்த பெருமை என்று நானும் மிதப்பாகத் திரிந்தேன்.

காரியம் முடிந்து அக்காவைப் பார்க்கப் போனேன். பாட்டுப் போடட்டுமா என்று கேட்டேன். சரி என்றார். போட்டதும்தான் கவனித்தேன். சின்ன அறை, சுவரில் முட்டிச் சத்தம் திரும்புகிறது. தபேலா விழும்போதெல்லாம் இரும்புப் பீரோ கிணுகிணுவென்று அதிர்கிறது. இதையா அந்தக் காது பிரமாதம் என்றது?

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "நல்லாவே இல்ல கண்ணு. அன்னைக்கே எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பீரோவுக்கு அட்டை முட்டுக் குடுத்துப் பார்த்தாரு, நிக்கல. 'ஈஸ்வரி, கூடத்தைவிட இங்கதான் நல்லாருக்குது'ன்னு தெனமும் சொல்லுவாரு. நானும் 'ஆமாங்க'ன்னுக்குவேன். இல்லீன்னு சொன்னா மறுபடியும் கூடத்துக்குப் போயிருவாரோன்னு எனக்குப் பயம்."

அங்கேயே அழுதுவிட்டேன். அவருடைய கண்ணை, கறாரை, தப்பை ஒப்புக்கொண்ட பெரிய மனதை நீங்கள் எல்லோரும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்ன அந்தப் பொய்யை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.