மூன்று தடவை எண்ணிய மந்தை

உலகக் கோப்பை உதைபந்தாட்டம் ஜெர்மனியில் நடந்த வருடம் எனக்கு ஒரு மாவட்டக் கந்தோரில், வேட்டைப் பிரிவில் வேலை கிடைத்தது. ஹாலேயிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளி, மலையடிவாரத்தில் ஒரு சிறு பட்டணம். டோர்ட்மண்டில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெட்டைக்கு வேட்டைக் கந்தோரில் என்ன வேலை என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளுக்கு எந்தக் கந்தோரும் கந்தோர்தான். ஒரு வருட ஒப்பந்தம். மேலதிகாரிக்குப் பிடித்தால் டிசம்பரில் நிரந்தரம், இல்லையென்றால் திரும்பவும் டோர்ட்மண்ட், திரும்பவும் வேலையில்லாதோர் அலுவலகத்தின் வரிசை.

அந்த மலையில் காட்டுச் செம்மறிகள் இருந்தன. முஃப்லோன் என்பார்கள். கிடாய்களுக்குக் கொம்பு காதைச் சுற்றி வளைந்து நத்தை ஓடு மாதிரி இருக்கும். அந்தக் கொம்பைச் சுவரில் மாட்டுகிற ஆசையில்தான் எப்போதோ தெற்குத் தீவுகளிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இப்போது ஆடுகள் குறைந்துகொண்டே போயின. அதைப் பற்றி மிகவும் கவலைப்பட்டவர்கள் அவற்றைச் சுடுகிறவர்களே. பழி முழுவதையும் சில வருடங்களுக்கு முன் அதே மலையில் விடப்பட்ட லுக்ஸ் என்ற பெரிய காட்டுப் பூனையின் தலையில் போட்டார்கள்.

என் வேலை கூட்டல். மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வேட்டைக்காரர்கள் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஒவ்வொருவரும் தன் துண்டில் நிற்கிற ஆடுகளை எண்ணி, ஒரு படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். நான் அதையெல்லாம் கூட்டித் தட்டச்சுச் செய்து கொடுப்பேன். கூட்டுத் தொகையைப் பார்த்து, அந்த வருடம் எத்தனை சுடலாம் என்று மேலதிகாரி முடிவு செய்வார். படிவத்தில் ஆடு கூடினால் துப்பாக்கிக்கும் கூடுதலாகக் கிடைக்கும். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை.

பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் மூன்றின் படிவங்கள் ஒரே நாளில் வந்தன. முதலாவதில் எண்ணிய நேரம் காலை ஆறு மணி, குறிப்பில் 'ஒரு பெட்டை மறி நொண்டுகிறது' என்று இருந்தது. இரண்டாவதில் ஏழரை, அதிலும் ஒரு நொண்டி மறி. மூன்றாவதில் ஒன்பது மணி, அங்கும் அவள் நொண்டிக்கொண்டு நிற்கிறாள். நான் வரைபடத்தை எடுத்து விரித்தேன். மூன்று துண்டுகளும் ஒரே சரிவில் இருந்தன. தாளில் கூட்டினால் பெரிய மந்தை, சரிவில் ஒரே மந்தை. மேய்ந்தபடி நடந்துபோன ஆடுகளை மூன்று பேர் மூன்று தடவை எண்ணியிருக்கிறார்கள். தெரியாமல் செய்தார்கள் என்று நினைக்கவும் வழியில்லை. எண்ணி முடித்த மத்தியானம் மூன்று பேரும் ஒரே மேசையில் பியர் குடிப்பது ஊருக்கே தெரியும்.

மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். 'வேட்டைச் சங்கத் தலைவர் நாளைக்கு வருகிறார், அவரிடமே கேளுங்கள்' என்றார்.

தலைவர் வந்து என் மேசையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார். கையில் ஈரல் விழுது பூசிய பாண் துண்டு. லுக்ஸ் பாதி மந்தையைத் தின்றுவிட்டதென்று அந்த வாரம்தான் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருந்தார். மூன்று படிவங்களில் ஒன்று அவருடையது.

'பாதியைப் பூனை தின்றதென்றால் உங்கள் படிவத்தில் போன வருடத்தை விடக் கூடியிருக்கிறதே, எப்படி?' என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். பல்லிடுக்கில் ஈரல். 'இந்த ஆடுகளை எங்களை விட நேசிக்கிறவர்கள் யார், சொல்லுங்கள்' என்றார். பிறகு, உங்கள் நாட்டில் ஆடு இருக்கிறதா என்று விசாரித்தார். பாண் துகள் படிவத்தின் மேல் கொட்டியது. நான் படிவத்தை இழுத்து உதறினேன்.

அவர் போனபின் மேலதிகாரி கதவைச் சாத்தினார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. 'உங்கள் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, இல்லையா?'

நான் மூன்றையும் கூட்டினேன். தயாரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். அன்று மூன்று தடவை கை கழுவினேன், அதுவும் ஒரு நடிப்புத்தான்.

நவம்பரில் பெரிய வேட்டை நடந்தது. கந்தோர்க்காரரும் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். செத்தவற்றை ஊசியிலைக் கிளைகளின் மேல் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சிறு கிளையைச் செருகினார்கள். அது கடைசிக் கவளமாம், இறந்த பிராணிக்குச் செய்யும் மரியாதையாம். தொப்பிகள் கழன்றன. ஊதுகொம்பு ஊதினார்கள். ஒருவர் கண்ணைக் கூடத் துடைத்தார். உயிரோடு நின்றபோது ஒழுங்காக எண்ணக்கூட மனம் வராதவர்கள், செத்த வாய்க்கு இலை ஊட்டுகிறார்கள். அந்த மரியாதையைப் போல அருவருப்பான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. சரிவின் மூலை முடுக்கெல்லாம் நாயை விட்டுக் கலைத்த பிறகும் அகப்பட்டவை திட்டத்தில் இருந்த தொகையில் பாதிகூட வரவில்லை. தலைவர் அதற்கும் பூனையைத்தான் திட்டினார்.

புறப்படும்போது அவர் ஒரு கிடாயை உரித்து, வெட்டிப் பையில் கட்டி என் காரில் வைத்தார். 'உங்கள் ஒத்துழைப்புக்கு' என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். வந்தது நன்றி. இணைசேரும் காலத்துக் கிடாய். அதன் மொச்சை வாடை டோர்ட்மண்ட் வரைக்கும் காருக்குள் நின்றது. கண்ணாடியை இறக்கினால் குளிர், ஏற்றினால் நாற்றம். அப்படியே போனேன்.

அடுத்த நாள் டோர்ட்மண்டில் என் அண்ணை வீட்டில் அவருடைய மகளுக்குப் பிறந்தநாள். ஜெர்மன் கடை ஆட்டில் ருசி இல்லை என்று வருடம் முழுக்கக் குறைப்படுகிறவர், பையைத் திறந்ததும் முகம் மலர்ந்துபோனார். வறுத்த தூள் போட்டு, மொச்சை போகத் தேசிக்காய் பிழிந்து, அவரே நின்று சமைத்தார். வந்தவர்கள் எலும்பை உறிஞ்சியபடி ஊர்க் கிடாய் தோற்றுவிடும் என்றார்கள். வேலை நிரந்தரம் என்ற கடிதம் முந்திய வாரமே வந்துவிட்ட சந்தோஷத்தையும் சேர்த்து எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள். நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் பொய்யாகிவிடும்.

அண்ணை கை கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"பிள்ளை, வாற வருஷமும் இப்பிடி ஒண்டு எடுத்துத் தர ஏலுமோ? அங்க நிறைய நிக்குதோ?"

"ஓம் அண்ணை," என்றேன். "நிறைய நிக்குது."