பதினோரு ஒழுகல் கொண்ட செங்கல் வீடு

காவலூருக்கு மூன்று மைல் தள்ளிய அந்தத் தெருவில் செங்கல் வீடு ஒன்றே ஒன்றுதான், அது மாதம்மாளுடையது. வெள்ளைக்காரக் காட்டிலாகா துரை ஒருவர் தங்கக் கட்டியதை, அவள் மாமனாரின் அப்பன் இரண்டு எருமை கொடுத்து வாங்கினாராம். முழ அகலச் சுவர், தேக்கு உத்திரம், மேலே சுண்ணாம்புத் தளம், வாசலில் யானை நுழையலாம் போல ஒரு வளைவு. யானை நுழையவில்லை, மழை நுழைந்தது.

இருபது வயதில் மருமகளாக வந்தவள், முப்பது வருஷத்தில் பதினோரு ஒழுகல்களையும் சொந்தபந்தம் போல அறிவாள். அடுப்பு மூலையில் விடாமல் சொட்டுவதற்கு நாத்தனார் என்று பெயர். பதினொன்றுக்கும் பதினோரு பாத்திரம். சாமைச் சோறு பொங்க ஒன்றை எடுத்தால் ஒரு மூலை நனையும். காவலூர் வானாய்வுக் கூடத்தில் நட்சத்திரம் பார்க்கப் பெரிய கருவி வேண்டியிருந்தது. மாதம்மாளுக்கு மல்லாந்து படுத்தால் போதும்.

எண்பத்து மூன்றில், ஏழைகளுக்குச் சர்க்கார் வீடு கட்டித் தரும் என்று தண்டோரா போட்டார்கள். மண் வீட்டுக்காரருக்கு மட்டும். செங்கல் வீட்டில் இருப்பவர் வசதி படைத்தவர் என்பது விதி. ஆகவே வசதி படைத்த மாதம்மாள், ஐப்பசி மழைக்குள் ஏழையாகிவிடுவது என்று தீர்மானித்தாள். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவைக் கூட்டிக்கொண்டு, மூன்று நாள் செம்மண் குழைத்து உள்ளும் புறமும் பூசினாள்.

“வளைவ இன்னாக்கா பண்றது? மண்ணுல எவன் வளைவு கட்டுவான்?” என்றாள் பச்சையம்மா.

“சோளத்தட்ட சாத்தி மறைச்சிடுடி.”

விசாரிக்க வந்த குமாஸ்தா தசரதன் வெள்ளைச் சட்டையோடு உள்ளே நுழைந்தார். ஐப்பசி வரை பொறுக்காமல் மழையும் கூடவே நுழைந்தது. தளத்து நீர் சுவரில் வழிய, பூச்சு கரைந்து செங்கல் வரிசை வரிசையாகப் பல்லிளித்தது. சுவரோரம் நின்ற தசரதன் ஓடிப்போய் வளைவுக்கடியில் ஒதுங்கினார். அந்த வீட்டில் நனையாத இடம் அது ஒன்றுதான்.

“இன்னாம்மா இது? செங்கல் வூடு!”

“அங்க ஏன் சார் நிக்கறீங்க? உள்ள வந்து குந்துங்க.”

“உள்ள மழம்மா!”

“அத்தயே எழுதிக்குங்க.”

படிவத்தில் ஒழுகலுக்கு இடமில்லை. மண், செங்கல் என்று இரண்டே கட்டம். தசரதன் சுவரைப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார், தோளிலிருந்து இடுப்பு வரை செம்மண் வழிந்திருந்த தன் சட்டையைப் பார்த்தார். ‘மண்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

அவர் போனதும் பச்சையம்மா ஓடி வந்தாள். “இன்னாக்கா சொன்னாரு?”

“சட்டையத் தோச்சுக் குடுக்கட்டான்னு கேட்டேன். வாணாம், ஆபீஸ்ல காட்டணும்னுட்டாரு.”