அண்ணன் கேட்ட லைசன்

என் அண்ணனுக்கு வயது முப்பத்தெட்டு. கலும்பாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மாவோடு இருக்கிறான். எழுதப் படிக்க வராது; புத்தி இன்னும் சின்னப் பிள்ளையுடையது. ஆனால் மோட்டார் ஓட்ட லைசன் வேண்டும் என்று யாரைப் பார்த்தாலும் கேட்பான். குழந்தையாக இருந்தபோது, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் தொட்டிலிலிருந்து விழுந்ததால்தான் இப்படி ஆனான் என்று அம்மா சொல்வார். அந்த ஆயாவோடு பேச்சுவார்த்தையும் கிடையாது.

நான் மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது, கிளினிக்கில் அண்ணனைப் பற்றிக் கேட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அண்ணனுக்கு இருப்பது குடும்பத்தில் வருவதாகவும் இருக்கலாம், முதலில் அண்ணனின் ரத்தத்தைப் பார்க்கவேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அண்ணன் மாதிரி ஒரு பிள்ளை வேண்டாம் என்பதுதானே அந்தப் பயம்? அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேதான் அப்படி நினைத்தேன். வெட்கம்கெட்ட மனசு.

அண்ணனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மலாய்க்கார அம்மா. பரம்பரை நோய் உண்டா என்று மலாயில் கேட்டார். பரம்பரைக்கு அவர் சொன்னது 'கெதுருனான்'. எந்த விண்ணப்பப் பாரத்திலும் இனம் என்ன என்று கேட்பதற்கும் அதே சொல்தான். அலுவலகம் அலுவலகமாக அலைந்து பழகிய அண்ணன் முந்திக்கொண்டு, "இந்தியா!" என்றான்.

நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. "கேட்டால் பதில் சொல்கிறாரே, ரத்தம் எடுக்கலாமா என்று அவரையே கேளுங்கள். எதற்கு என்றும் சொல்லுங்கள்" என்றார்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அவன் பக்கம் திரும்பி, "ஊசி போட்டாத்தான் லைசன் குடுப்பாங்களாம்ணே" என்றேன். உடனே கையை நீட்டினான். சம்மதம் என்று டாக்டரிடம் சொன்னேன். எங்கள் தமிழ் அவருக்கு எங்கே தெரியும்!

சில வாரம் கழித்து முடிவு வந்தது. தொட்டில் காரணமில்லை, அம்மா வழியில் வருவது. அடுத்து என் ரத்தத்தைப் பார்க்கவேண்டும். "அந்த ஆயாவ எத்தன வருஷம் திட்டினேன்" என்று அம்மா அழுதார். அண்ணன் என் கையிலிருந்த கடிதத்தையே பார்த்தான்.

"லைசன் வந்துருச்சா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "இல்லண்ணே. நான் பொய் சொன்னேன். என் வயித்துல இருக்கிற பாப்பாவுக்காகத்தான் ரத்தம் எடுத்தாங்க."

ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டான்.

"பாப்பாவுக்குன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லா" என்றான்.